ஆண்களுக்கான வெட்டிவேர் சென்ட்: முகர்ந்து பார்த்து, கணக்குப் பார்த்து வாங்குவோம்



திருவிழாக் கடையும் கண்காட்சி அரங்கும் போடும் நம் குழுக்களிடம் இப்போது சென்ட் வியாபாரிகள் அடிக்கடி வருகிறார்கள். "ஆம்பளைங்களுக்கான வெட்டிவேர் சென்ட்டுங்க இது. நூறு பாட்டிலா எடுத்தா பாதி விலைக்குத் தர்றோம்" என்கிறார்கள். மூடியைத் திறந்து நம் கையிலேயே தடவியும் விடுகிறார்கள். கமகமன்னு இருக்கிறது. குழுப் பணத்தைப் போட்டு எடுக்கலாமா என்ற கேள்வி வருகிறது.

வீட்டிலும் இதே கேள்விதான். மகனோ தம்பியோ வெட்டிவேர் என்று எழுதிய பாட்டில் ஒன்றை வாங்கி வருகிறார். "இதுல நம்ம வெட்டிவேர் வாசமே இல்லையே, எலுமிச்சம்பழ வாசமில்ல வருது" என்று நமக்குத் தோன்றுகிறது. அது ஏமாற்றா, இல்லை அப்படித்தான் இருக்குமா?

இரண்டுக்கும் பதில் சொல்ல ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். வெட்டிவேர் மணத்தை மூடி திறந்த நிமிடத்தில் எடை போடக் கூடாது. நாலு மணி நேரம் கழித்து எடை போட வேண்டும். ஏன், எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வேரிலிருந்து பாட்டிலுக்கு

மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் பூவில் மணம். வெட்டிவேர் ஒரு புல். எலுமிச்சைப் புல்லுக்கு உறவு. ஆனால் இதற்கு மணம் வேரில். கடலூர் மாவட்டத்துக் கடற்கரை மணற்பாங்கான நிலங்களில் இதைப் பயிராகவே செய்கிறார்கள். மணலாக இருந்தால் வேர் அறுபடாமல் தோண்டி எடுக்கலாம். நட்டு ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆனதும் வேரைத் தோண்டி, மண் போகக் கழுவி, காயவைத்து, கொதிகலனில் போட்டு நீராவியில் வடிக்கிறார்கள். இந்த எண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது. அதனால் வடிக்க ஒரு நாள் முழுக்கக் கூட ஆகும். அத்தனை பாடுபட்டும் 100 கிலோ காய்ந்த வேருக்கு ஏறக்குறைய 1 கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். வேரின் வயது, ரகம், மண், வடிக்கும் முறை இவற்றைப் பொறுத்து கூடும், குறையும்.

இந்த எண்ணெய் கெட்டியாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். சீக்கிரம் பறந்து போகாத குணம்தான் இதன் பெருமை. எலுமிச்சைத் தோல் எண்ணெய் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பறந்துவிடும். பூ மணம் சில மணி நேரம் நிற்கும். வெட்டிவேர் மறுநாள் வரைக்கும் நிற்கும். தன்னோடு சேர்ந்த மற்ற மணங்களையும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் சென்ட் செய்பவர்கள் இதை அடி மணமாகப் போடுகிறார்கள்.

இன்னொரு சேதியும் சகோதரிகளுக்குத் தெரிய வேண்டும். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்த வேரை 'வெட்டிவர்' என்றுதான் சொல்கிறார்கள். அது நம் தமிழ்ச் சொல். உலகத்துக் கடைகளில் பாட்டில் மேல் எழுதியிருக்கும் பெயர் நம் வயற்காட்டிலிருந்து போனதுதான்.

ஆண்களுக்கு என்று ஏன் சொல்கிறார்கள்?

நம் ஊரில் வெட்டிவேருக்கு ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. பானைத் தண்ணீரில் போடுவோம். தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் தலைக்குத் தேய்ப்போம். சாமிக்கு மாலை கட்டுவோம்.

ஆண்களுக்கானது என்ற முத்திரை பெரும்பாலும் பிரான்ஸ் நாட்டு சென்ட் கம்பெனிகள் வழியாக வந்தது. கார்வென் கம்பெனி 1957-ல் 'வெட்டிவர்' என்ற பெயரிலேயே ஆண்களுக்கு ஒரு சென்ட் கொண்டுவந்தது. அடுத்த சில வருடங்களில் ஜிவான்ஷி, கெர்லாங் கம்பெனிகளும் அதே பெயரில் கொண்டுவந்தன. மண் வாசம், கட்டை வாசம், கொஞ்சம் புகை வாசம் எல்லாம் ஆணுக்குப் பொருந்தும் என்று விற்றார்கள். அது நிலைத்துவிட்டது. ஆனால் 1921-ல் வந்த, பெண்களுக்கான புகழ்பெற்ற ஷனேல் நம்பர் 5 சென்ட்டிலும் அடி மணத்தில் வெட்டிவேர் இருக்கிறது. ஆகவே பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து நாம் கூச்சப்பட வேண்டாம். பிடித்தால் நாமும் பூசலாம்.

சரி, எலுமிச்சை வாசம் வந்தால் ஏமாற்றா? இல்லை. வெட்டிவேரை மட்டும் தனியாகப் பூசினால் பலருக்குக் கனமாகத் தெரியும். அதனால் அதற்குத் துணை மணம் சேர்ப்பார்கள். கெர்லாங் சென்ட்டில் முதலில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மணம் வரும். பிறகு ஜாதிக்காய், புகையிலை. கடைசியில் வேர். 2006-ல் வந்த ஏர்மெஸ் கம்பெனியின் 'தெர் தெர்மெஸ்' ஆரஞ்சும் கல் வாசமும் வேரும் சேர்ந்தது. அதே வருடம் லாலிக் கம்பெனி கொண்டுவந்த 'ஆங்க்ர் நுவார்' என்பதற்குக் கறுப்பு மை என்று அர்த்தம். இது இருட்டுக் காட்டைப் போல ஈரக் கட்டை மணம். 2009-ல் வந்த டாம் ஃபோர்டின் 'கிரே வெட்டிவர்' பம்பளிமாஸ் வகைப் பழத்தின் மணத்தோடு சுத்தமாக, சலவை செய்த சட்டை போல இருக்கும்.

இவை எல்லாம் விலை அதிகம். வாங்கச் சொல்லி இங்கே சொல்லவில்லை. ஒரே வேர்தான், துணை மாறினால் ஆளே மாறிவிடுகிறது என்பதற்காகச் சொல்கிறோம். ஒப்பிடும்போது "வேர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல், "வேருக்குத் துணை என்ன?" என்றும் கேட்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

1. வடித்த எண்ணெய்: வேரை மட்டும் வடித்தது. வடநாட்டில் வெட்டிவேரை 'கஸ்' என்பார்கள். உத்தரப் பிரதேசத்தில் உள்ள கன்னோஜ் ஊரில் தாமிரப் பாத்திரத்தில் வடிக்கும் 'ரூ கஸ்' எண்ணெய் பேர் பெற்றது. தாமிரம் பட்டு இலேசான பச்சை நிறம் ஏறியிருக்கும்.

2. அத்தர்: பழைய முறையில் சந்தன எண்ணெயில் வேரின் ஆவியை இறக்குவார்கள். ஸ்பிரிட் சேராது. சந்தன எண்ணெய் விலை ஏறியதால் இன்று மலிவான அத்தர்களில் திரவ பாரஃபின் போன்றவற்றைக் கலக்கிறார்கள்.

3. ஸ்பிரிட் சென்ட்: பாட்டிலில் ஈ.டி.டி., ஈ.டி.பி. என்று போட்டிருக்கும். ஈ.டி.டி.யில் வாசனைச் சரக்கு பொதுவாக 5 முதல் 15 சதவீதம். ஈ.டி.பி.யில் 15 முதல் 20 சதவீதம். மீதி பெரும்பாலும் ஸ்பிரிட்.

4. பாடி ஸ்ப்ரே: வாசனைச் சரக்கு இன்னும் குறைவு. சீக்கிரம் போய்விடும். டப்பாவில் அழுத்தம் கொடுத்து அடைத்த வாயு இருக்கும். தீப்பிடிக்கும். அடுப்பு பக்கத்திலோ வெயிலிலோ வைக்கக் கூடாது.

5. எசென்ஸ்: பச்சை நிறத்தில் சர்பத்துக்குப் போடுவது. பெரும்பாலும் செயற்கை. பூசிக்கொள்வதற்கு அல்ல.

ஊருக்கு ஊர் மணம் மாறும்

நெல்லுக்கு மண் ருசி உண்டு என்பது போல வேருக்கும் உண்டு. உலகச் சந்தைக்கு அதிகமாக எண்ணெய் தருவது கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி நாடு. அந்த எண்ணெய் சுத்தமாக, மெலிதாக இருக்கும். பெரிய கம்பெனிகள் அதைத்தான் அதிகம் வாங்குகின்றன. இந்தோனேசியாவின் ஜாவா எண்ணெயில் புகை வாசம் தூக்கலாக இருக்கும். கன்னோஜ் ரூ கஸ் பச்சையாக, இனிப்பாக, முதல் மழை பெய்த மண் போல இருக்கும். ஆகவே ஒன்று புகைகிறது, ஒன்று இனிக்கிறது என்பதற்காக ஒன்றைப் போலி என்று சொல்லிவிட முடியாது.

எப்படிப் பூசுவது?

வீட்டு ஆண்களுக்கு நாம் சொல்ல வேண்டியவை இவை.

• குளித்துத் துடைத்த உடம்பில் பூச வேண்டும். வேர்வை மேல் சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து கெட்ட வாடைதான் வரும்.

• கழுத்துப் பக்கம், மணிக்கட்டு, நெஞ்சு போதும். ஸ்பிரிட் சென்ட் என்றால் இரண்டு, மூன்று முறை அடித்தால் போதும். அத்தர் என்றால் இரண்டு சொட்டு.

• பூசிய பிறகு மணிக்கட்டோடு மணிக்கட்டை வைத்துத் தேய்க்க வேண்டாம். தானாகக் காயட்டும்.

• சவரம் செய்த உடனே கன்னத்தில் வேண்டாம். ஸ்பிரிட் எரியும்.

• வெள்ளைச் சட்டை, வேட்டி மேல் அத்தர், எண்ணெய் வேண்டாம். கறை பிடிக்கும்.

• சுத்தமான வடித்த எண்ணெயை அப்படியே தோலில் வைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 10 மி.லி. எடுத்து, அதில் 2 முதல் 4 சொட்டு கலக்க வேண்டும்.

• எதுவானாலும் முதல் தடவை முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு, சிவப்பு வந்தால் கழுவிவிட்டு அதை விட்டுவிட வேண்டும்.

• கைக்குழந்தைக்கோ, வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் பக்கத்திலோ எந்தச் சென்ட்டும் வேண்டாம்.

ஒரு விஷயத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பூசினவரின் மூக்கு அந்த வாசத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். "வாசமே இல்லையே" என்று அவர் மறுபடி மறுபடி அடிப்பார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குத் தலை வலிக்கும். கை நீட்டும் தூரத்தில் இருப்பவருக்கு வாசம் தெரிந்தால் அதுவே போதும். போதுமா, போதாதா என்பதை வீட்டில் இன்னொருவர் சொல்லட்டும்.

எப்படி ஒப்பிடுவது?

இதைக் குழுவாகச் செய்வது நல்லது. ஐந்து பேர் மூக்கு ஒரு மூக்கைவிடப் பரவாயில்லை.

1. அன்று பூ, பவுடர், தைலம் எதுவும் வேண்டாம். தாளித்த கையோடு உட்கார வேண்டாம். சளி பிடித்தவர் அடுத்த முறை வரட்டும்.

2. ஒரே நேரத்தில் மூன்று சரக்குக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் மூக்கு மரத்துவிடும்.

3. வெள்ளைக் கெட்டி அட்டையை விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண் மட்டும் எழுதுங்கள். எந்த எண் எந்தச் சரக்கு என்பது ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். பேரும் விலையும் தெரிந்தால் மூக்கு விலை பக்கம் சாயும்.

4. நுனியில் ஒவ்வொரு சொட்டு வைத்து, ஸ்பிரிட் ஆவியாக ஒரு நிமிடம் பொறுங்கள். மூக்கில் ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து முகருங்கள். நடுவில் உங்கள் சேலைத் தலைப்பை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வரும்.

5. குழு நோட்டில் நாலு முறை எழுதுங்கள்: உடனே, அரை மணி கழித்து, நாலு மணி கழித்து, மறுநாள் காலை.

6. என்ன எழுதுவது? பெரிய வார்த்தை வேண்டாம். நமக்குத் தெரிந்ததையே எழுதலாம். பானைத் தண்ணீர், ஈர மண், அடுப்புப் புகை, எலுமிச்சைத் தோல், மிளகு, சோப்பு, மிட்டாய், மண்ணெண்ணெய் என்று எது தோன்றுகிறதோ அதை எழுதுங்கள்.

7. அட்டையில் ஜெயித்ததை மட்டும், பூசப் போகிற ஆணின் தோலில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். வேர்வை, வெயில், அவர் வேலை எல்லாம் மணத்தை மாற்றும். சென்ட் அட்டைக்கு அல்ல, ஆளுக்கு.

நாலு மணி நேரத்தில் உண்மை தெரியும். பழ வாசம் எல்லாம் போன பிறகு அட்டையில் வேரும் மண்ணும் நின்றால் அதில் வெட்டிவேர் அடி மணமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் கமகமன்னு மணந்து, நாலு மணியில் ஒன்றுமே இல்லை அல்லது மிட்டாய் இனிப்பு மட்டும் இருக்கிறது என்றால் அந்தப் பேருக்கு அந்தச் சரக்கு பொருந்தாது.

ஆனாலும் மூக்கு மட்டும் போதாது. கோரைக்கிழங்கு வகை எண்ணெயைக் கலந்தால் அதுவும் மண் வாசம்தான் வரும். வேரின் மணத்தைப் போன்ற செயற்கைச் சரக்கும் நீண்ட நேரம் நிற்கும். காகிதத்தில் விட்டுக் கறை பார்க்கும் சோதனையும் இதற்குச் சரிவராது. சுத்தமான வெட்டிவேர் எண்ணெயே கறை விடும். அதிகப் பணம் போடுவதென்றால் ஆய்வகச் சோதனைச் சான்று கேட்க வேண்டும். மத்திய அரசு கன்னோஜில் தொடங்கிய வாசனை மற்றும் சுவை மேம்பாட்டு மையம் இப்படிப்பட்ட எண்ணெய்களைச் சோதித்துத் தருகிறது.

விலைக் கணக்கு

சுத்தமான எண்ணெய் என்று ஒருவர் 10 மி.லி. பாட்டில் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மி.லி. எண்ணெய் ஏறக்குறைய 10 கிராம். அதற்கு ஏறக்குறைய 1 கிலோ காய்ந்த வேர் வேண்டும். உங்கள் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடையில் 1 கிலோ வெட்டிவேர் என்ன விலை என்று கேளுங்கள். மொத்தமாக வாங்கினால் வேர் விலை குறையும், சரிதான். ஆனால் வடிப்பவர் விறகு, கூலி, பாட்டில் எல்லாம் அதன் மேல் போட வேண்டும். இவர் சொல்லும் விலை அந்த வேர் விலையில் கால்வாசி கூட இல்லை என்றால், அது எப்படிச் சுத்தமாக இருக்கும்? இந்த ஒரு கேள்வியை வியாபாரியிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, பாட்டில் விலையைப் பார்க்காமல் ஒரு நாள் விலையைப் பார்ப்பது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம். 100 மி.லி. ஸ்ப்ரே 400 ரூபாய். ஒரு அழுத்துக்கு 0.1 மி.லி. என்றால் 1000 அழுத்து. வாசம் நிற்காததால் காலை 6, மாலை 6 என்று 12 முறை அடித்தால் 83 நாள் வரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 ரூபாய் 80 காசு. 6 மி.லி. அத்தர் 300 ரூபாய். ஏறக்குறைய 120 சொட்டு. தினம் 2 சொட்டு என்றால் 60 நாள். ஒரு நாளைக்கு 5 ரூபாய். பார்வைக்கு அத்தர் கொள்ளை விலை மாதிரித் தெரிந்தது. கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதான். உங்கள் கடை விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

குழுவாக விற்க, செய்ய நினைத்தால்

சென்ட் என்பது சட்டப்படி அழகு சாதனப் பொருள். மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டம் 1940, அழகு சாதனப் பொருட்கள் விதிகள் 2020 இரண்டும் இதற்குப் பொருந்தும். விற்பதற்காகத் தயாரிப்பவருக்கு உரிமம் வேண்டும். எனவே வியாபாரியிடம் எடுக்கும் பாட்டிலில் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, அளவு எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளடக்கப் பட்டியலில் பெரும்பாலும் 'பெர்ஃப்யூம்' என்று ஒரே வார்த்தைதான் இருக்கும். அதை வைத்து வேர் இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. எழுத்தே இல்லாத பாட்டிலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். நாளைக்கு ஒருவர் தோல் வெந்துபோனால் முன்னால் நிற்பது விற்ற குழுதான்.

ஸ்பிரிட் வாங்கி வீட்டில் நாமே கலக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஸ்பிரிட் தீப்பிடிக்கும். வெளியில் கிடைப்பதில் விஷமான மெத்தனால் கலந்திருக்கலாம். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் சட்டச் சிக்கலும் வரும்.

உரிமம், ஸ்பிரிட் இரண்டும் இல்லாமல் ஆண்களுக்கென்று ஒரு பொருள் செய்யலாம். அது சட்டைப் பை, அதாவது சட்டை அடுக்கும் பெட்டிக்குள் வைக்கும் சிறு பை. கழுவி நிழலில் உலர்த்திய வேர் 25 கிராமை மெல்லிய பருத்தித் துணியில் வைத்துத் தைக்க வேண்டும். சட்டைகளுக்கு நடுவில் வைத்தால் துணியில் இலேசாக மணம் ஏறும். தோலில் படாது, கறை இல்லை. மணம் குறைந்தால் தண்ணீர் தெளித்து நிழலில் காயவைத்தால் திரும்ப வரும். சென்ட்டில் தேடும் மணம் இதில் கலப்படம் இல்லாமல் கிடைக்கும். வேரைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம் என்பதால் வாங்குபவருக்கும் நம்பிக்கை.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் ஊரில் 1 கிலோ வெட்டிவேர் என்ன விலை? அந்த விலையை வைத்து, கடையில் உள்ள ஒரு 'சுத்தமான' எண்ணெய் பாட்டிலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

• ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுவந்து, மேலே சொன்னபடி மூன்று மூன்றாக அட்டைச் சோதனை செய்யுங்கள். காலையில் கூடினால் நாலு மணிக் கணக்கு அன்றே முடியும்.

• சென்ட் சரக்கு எடுப்பதென்றால், சோதனை செய்யாமல், எழுத்து இல்லாத பாட்டிலில், மொத்தமாக எடுப்பதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். முதல் தடவை 10 பாட்டிலுக்கு மேல் வேண்டாம். விற்ற பிறகு அடுத்தது.

சென்ட் விற்பவர் நாம் உடனே முடிவு சொல்ல வேண்டும் என்றுதான் அவசரப்படுத்துவார். "ஒரு சொட்டு அட்டையில வச்சிட்டுப் போங்க. நாளைக்குக் காலையில சொல்றோம்" என்று சொல்லுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் நாளைக்கும் வருவார்.